ஒண்ணாம் நம்பர் மேசை

ஏனுங்க, சித்த இந்தப் பக்கம் நகுந்து உக்காந்துக்கறீங்களா? தப்பா நெனைக்காதீங்க. மொத சீட்டு, அதுவும் ஜன்னலோரம், அதுல உக்காந்துதான் எனக்குப் பழக்கம். ரெண்டாவது சீட்டுல உக்காந்தா எனக்குத் தலை சுத்துமுங்க. டாக்டரு அதெல்லாம் ஒண்ணுமில்லேங்கறாரு. அவருக்கென்ன, அவரு கார்ல போறவரு.

நெம்ப நன்றிங்க. பை மடியிலயே இருக்கட்டும், உள்ளார ரப்பர் ஸ்டாம்பு இருக்குது.

நான் பெரம்பலூர் போய், அங்கிருந்து வேப்பந்தட்டை. அங்க எங்க கம்பெனிக்கு மக்காச்சோளம் வாங்கி அடுக்கற குடோன் ஒண்ணு இருக்குது. அதுக்கு என்னைத் தலைமைப் பொறுப்பு அதிகாரியாப் போட்டிருக்காங்க. ஆர்டரு பையில இருக்குது, அப்பறம் காட்டறேன். 'தலைமை'ன்னே அடிச்சிருக்குது.

நாமக்கல்ல கோழித்தீவனக் கம்பெனிங்க. மஞ்சக் கோழி படம் போட்ட லாரி ரோட்டுல பாத்திருப்பீங்களே, அது எங்களுது. முப்பத்தொரு வருசமா ஆபீஸ் மேனேஜரு நாந்தான். நாச்சிமுத்துன்னு சொன்னா கேட்டுல படுத்திருக்கற நாயி கூட எந்திரிச்சுக்கும். எந்தக் காகிதமா இருந்தாலும் சரி, வெளிய போகோணும்னா என்ற மேசைக்கு வந்தாகோணும். நான் படிச்சுப் பாத்து, வலது மூலையில சின்னதா 'நா'ன்னு ஒரு எழுத்துப் போடுவேன். அப்பறந்தான் போகும். லோடு பில்லும் அப்படித்தான், லீவு லெட்டரும் அப்படித்தான். பெரிய முதலாளி ஒரு தடவை பெங்களூர்ல இருந்த அவரு சம்சாரத்துக்கு ஒரு லெட்டரு எழுதிப் போஸ்ட்டுல சேக்கச் சொன்னாரு. அதுலயும் 'நா' போட்டுத்தான் சேத்தேன். அந்தம்மா வந்து ரெண்டு நாளு அவருகூடப் பேசலையாம். அது அவங்க குடும்ப விசயம், நமக்கெதுக்குங்க.

நான் யாரையும் குத்தம் சொல்ல வரலைங்க. நடந்ததை நடந்தபடி சொல்றேன், நீங்களே நாயம் சொல்லுங்க.

பெரியவரு போன பொறகு அவரு பையன் தரணிதரன் சின்ன முதலாளியா வந்தாரு. நல்ல பையன். என்னைய 'அண்ணா'ன்னுதான் கூப்பிடுவாரு. இந்த ஆடிக்குப் பொறகு ஒரு நாளு கூப்பிட்டு, 'அண்ணா, ஆபீஸ் நெட்வொர்க்கையே மாத்தப் போறோம். பில்லு போடற சாஃப்ட்வேரு இனி இன்டர்நெட்டுல ஓடும்'னாரு. அதாவதுங்க, நெட்டு இல்லேன்னா பில்லு இல்லே. பில்லு இல்லேன்னா லாரி கேட்டைத் தாண்டாது. லாரி தாண்டலேன்னா பண்ணையில கோழிக்குத் தீனி இல்லே. இம்புட்டையும் ஒரு ஒயர்ல கட்டித் தொங்க விட்டுட்டாங்க.

அந்த வேலைக்குச் சேலத்துல இருந்து தமயந்தின்னு ஒரு புள்ள வந்துச்சு. புள்ளைன்னா முப்பத்தஞ்சு வயசு இருக்கும். தோள்ல பை, கையில லேப்டாப்பு. ஒரு மாசம் கோளாறு இல்லாம ஓடுச்சுன்னா எங்களோட மத்த ரெண்டு மில்லு வேலையும் அதுக்குத்தான், இல்லேன்னா இதோட சரின்னு சின்ன முதலாளி பேசியிருந்தாரு. புள்ள சுறுசுறுப்புதான், அதைச் சொல்லோணும். வந்த அன்னிக்கே ஏணியில ஏறி ஒயர் இழுத்துச்சு.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பரு உண்டாமுங்க, கதவு நம்பரு மாதிரி. நீளமா நாலு துண்டா இருக்கும். முன்னால மூணு துண்டும் ஊரு பேரு, தெருப் பேரு மாதிரி எல்லாத்துக்கும் ஒண்ணுதான். கடைசித் துண்டுதான் ஆளுக்கு ஆளு மாறும். இதை அந்தப் புள்ள சொன்னதுமே எனக்கு வெளங்கிருச்சு. ரெண்டு நாளு உக்காந்து, ஆளுங்க பேரு எழுதின மஸ்டர் ரோலைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, சேந்த தேதிப்படி ஒரு பட்டியலு எழுதினேன். ஒண்ணு, நாச்சிமுத்து. ரெண்டு, சின்ன முதலாளி. சிரிக்காதீங்க. நான் சேந்தது தொண்ணூத்திரண்டுல. அவரு பொறந்ததே தொண்ணூத்திநாலுல. முறைன்னா முறைதானுங்க. மூணு, பில்லு போடற குழந்தைவேலு. இப்படிப் பத்தொம்பது வரைக்கும்.

அந்தப் புள்ள வாங்கிப் பாத்துச்சு. சிரிச்சுச்சு. மடிச்சுப் பைக்குள்ள போட்டுக்கிச்சு. அது மடிச்ச விதமே எனக்குப் புடிக்கலைங்க.

'இதெல்லாம் நாம எழுத வேண்டாம் சார், அதுவே குடுக்கும்'னு சுவத்துல மாட்டியிருந்த ஒரு பொட்டியக் காட்டுச்சு. ரூட்டராம். ரெண்டு கொம்பு, நாலு பச்சை லைட்டு. 'யாரு மொதல்ல கம்ப்யூட்டரைப் போடறாங்களோ அவங்களுக்கு நூறு, அடுத்தவங்களுக்கு நூத்தியொண்ணு, அப்படியே வரிசையா. நாளைக்கு வேற நம்பர் வந்தாலும் வரும். அதைப் பத்தி நீங்க கவலைப்படவே வேண்டாம் சார்.'

கவலைப்பட வேண்டாமாம்!

அடுத்த நாளு குழந்தைவேலுவ விட்டுப் பாக்கச் சொன்னேன். எடைமேடையில நேத்துச் சேந்த புள்ளைக்கு நூறு. கேட்டுல மாட்டியிருக்கற கேமராவுக்கு நூத்தியொண்ணு. எனக்கு நூத்திப் பதினேழு. கேமராவுக்குக் கீழ பதினாறு படி எறங்கி நிக்கறேன்! மறுநாளு நூத்திப் பன்னெண்டு, அதுக்கு மறுநாளு நூத்திப் பத்தொம்பது. தினக்கூலிக்காரனுக்குக் கூட எங்க கம்பெனியில ஒரே டோக்கன்தானுங்க, வருசம் பூரா மாறாது. நேத்துப் பேஞ்ச மழையில இன்னிக்கு மொளைச்ச காளான் எல்லாம் எனக்கு முன்னால.

இதுல இன்னொண்ணு கேளுங்க. பிரிண்டருக்கு மட்டும் அந்தப் புள்ள தன் கையால இருபதுன்னு நிரந்தரமாப் போட்டுச்சு. 'ஏம்மா?'ன்னேன். 'இது மாறக் கூடாது சார், மாறுனா எல்லாரும் தேடுவாங்க'ன்னுச்சு. அப்ப என்னைய யாரும் தேட மாட்டாங்களா? பிரிண்டரு பெர்மனென்ட்டு, நான் டெம்பரவரி! முப்பத்தொரு வருசம் கழிச்சு என்னைய டெம்பரவரி ஆக்கிப்போட்டு அந்தப் புள்ள டீக் குடிக்குது.

'சரி, எனக்கும் கையால போட்டுரு. ஒண்ணுன்னு போடு'ன்னு சொன்னேன். 'ஒண்ணு ரூட்டரோட நம்பர் சார். அதை மட்டும் யாரும் எடுக்கக் கூடாது'ன்னுச்சு. சாமி வரங் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சொல்லுவாங்கல்ல, அது நெசமுங்க. லைட்டு எரியற பொட்டிக்கு ஒண்ணாம் நம்பரு. மஸ்டர்ல பேரு இருக்குதா அதுக்கு? கையெழுத்துப் போடுமா?

பிரிண்டருக்கு எங்க எங்க அமுக்குச்சுன்னு பின்னால நின்னு பாத்து வெச்சிருந்தேன். அந்தப் புள்ள சேலத்துக்குப் போன பொறகு, திங்கக்கிழமை காலையில ஒம்பதரைக்கு, என்ற ரூமைச் சாத்திக்கிட்டு, அதே மாதிரி அமுக்கி அமுக்கிப் போயி, ஒண்ணுன்னு போட்டு, சரின்னு அமுக்குனேன். இங்கிலீசுல ஒரு கட்டம் வந்துச்சு. இந்த நம்பரு வேற யாரோ வெச்சிருக்காங்க, தகராறுன்னு. எத்தனை தகராறு பாத்தவன் நானு! கட்டத்தை மூடிப்போட்டேன். என்ற கம்ப்யூட்டரு பெரிய முதலாளி வாங்கிக் குடுத்த பழசு, நான் சொன்னாக் கேக்கும்.

அன்னிக்குத்தான் நெட்டு நின்னுபோச்சு.

ரெண்டுக்கும் சம்பந்தமில்லைங்க, நான் வரிசையாச் சொல்லிக்கிட்டு வர்றேன், அம்புட்டுத்தான்.

குழந்தைவேலு ஓடி வந்தான். 'அண்ணா, பில்லு வரலைங்க.' பதினோரு லாரி லோடு ஏத்திக்கிட்டு வாசல்ல நிக்குது. டிரைவருங்க எல்லாம் பீடியப் பத்த வெச்சுக்கிட்டு என்னையவே பாக்கறானுங்க. ஒரு மணிக்கு நான் சாப்பிடப் போனேன். போறப்பக் கம்ப்யூட்டரை அணைச்சுட்டுத்தான் போவேன், கம்பெனிக் கரண்டை வீணாக்க மாட்டேன். ரசஞ்சோறு வாயில வெச்சிருப்பேன், உள்ளார பில்லு அடிக்கற சத்தம் கேக்குது, கடகடகடன்னு! சாப்பிட்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டு உக்காந்தேன், நின்னுபோச்சு.

மறுநாளும் அப்படியே. அதுக்கு மறுநாளும் அப்படியே. மேனேஜரு சீட்டுல இருந்தா வேலை நிக்குது, மேனேஜரு எந்திரிச்சா வேலை ஓடுது. இதுக்கு என்னங்க அர்த்தம்? மேற்பார்வை பண்றவன் ஒருத்தன் இருந்தா இவங்களுக்கு வேலை ஓடாது. அதானே?

தமயந்தியக் கூப்பிட்டு விட்டாரு சின்ன முதலாளி. ரெண்டு பஸ்ஸு புடிச்சு வந்துச்சு. பொறுப்புள்ள மனுசன் நானு, விட்டுருவனா? என்ற ரூமைப் பூட்டிப்போட்டு, கம்ப்யூட்டரைக் கூடப் போடாம, பொழுதன்னிக்கும் அந்தப் புள்ளைக்குப் பக்கத்துல ஸ்டூலு போட்டு உக்காந்து, அது என்ன பண்ணுது ஏது பண்ணுதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நெட்டு ஜம்முன்னு ஓடுது. 'ஒரு கோளாறும் தெரியலையே சார்'னு முழிக்குது. 'எல்லா மெஷினையும் பாத்தாச்சு, உங்க ரூம்ல இருக்கறது மட்டும் பாக்கணும்'னுச்சு. மேனேஜரு கம்ப்யூட்டருல கம்பெனி ரகசியம் இருக்கும், அதைக் கண்டவங்க தொடலாமா? 'அதுல ஒண்ணுமில்லே, அது நல்லா இருக்குது'ன்னு சொல்லி அனுப்பிச்சேன்.

அந்தப் புள்ள சேலம் ரோட்டுல புதன்சந்தை கூடத் தாண்டியிருக்காது. நான் வந்து ரூமைத் தெறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். நின்னுபோச்சு.

இப்படி மூணு தடவைங்க. அது வந்தா ஓடுது, போனா நிக்குது. எனக்குப் புரிஞ்சுபோச்சு. வேணும்னே எதையோ முடுக்கி வெச்சுட்டுப் போகுது, நாம கூப்பிட்டுக்கிட்டே இருக்கோணும்னு. சின்ன முதலாளிகிட்டச் சொன்னேன். அவரு அந்தப் புள்ளையக் கூப்பிட்டு மொகத்தைக் கடுகடுன்னு வெச்சுக்கிட்டுப் பேசினாரு. அது கண்ணு கலங்கிப்போச்சு. 'இன்னும் ஒரு வாரம் குடுங்க சார்'னு கேட்டுச்சு. எனக்குக் கூடப் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா மோகனூர்ல இருந்து பண்ணைக்காரரு போன் பண்ணி, 'உங்க லாரி வராம பதினஞ்சாயிரம் கோழி காலையில இருந்து வெறுந்தொட்டியக் கொத்திக்கிட்டு நிக்குதய்யா'ன்னு கத்துனப்ப அந்தப் பாவமெல்லாம் போயிருச்சு. வாயில்லாச் சீவனுங்க. அதுகளைப் பட்டினி போடறவங்களை நான் மன்னிக்க மாட்டேன்.

சின்ன முதலாளி ரூமுக்குப் போயி நேராச் சொல்லிப்போட்டேன். 'தம்பி, ஒண்ணு அந்தப் புள்ள இருக்கோணும், இல்லே நான் இருக்கோணும். ரெண்டு பேருக்கும் இந்த ஆபீசுல எடமில்லே.'

அவரு பேனாவ உருட்டிக்கிட்டே இருந்தாரு. 'ஒரு வாரம் பாப்பமுங்கண்ணா'ன்னாரு.

அந்த வாரந்தான் ராசிபுரத்துல எங்க ஒறம்பரை, சொந்தக்காரங்க வீட்டுல காது குத்து. மூணு நாளு லீவு. நான் லீவே எடுக்காதவன், என்ற கெரகம், எடுத்தேன். கெடாவெட்டு அமர்க்களமா இருந்துச்சு, என்னையத்தான் மொதப் பந்தியில உக்கார வெச்சாங்க. திரும்பி வந்தா குழந்தைவேலு மொகம் பூரா சிரிப்பு. 'மூணு நாளும் நெட்டு ஒரு நிமிசம் நிக்கலைங்கண்ணா.' நான் சீட்டுல உக்காந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். அவன் சிரிப்பு நின்னுபோச்சு.

அரை மணி நேரத்துல சின்ன முதலாளி கூப்பிட்டாரு. உள்ளார தமயந்தி நிக்குது, காலையிலயே வந்துருச்சாம். இத்தனை நாளும் சேலத்துல உக்காந்துக்கிட்டே பாத்துக்கிட்டிருந்துச்சாம். நெட்டு விட்டு விட்டு வர்றப்பவெல்லாம் அந்தப் பொட்டி எழுதி வெச்ச குறிப்பை எடுத்துச்சாம். கையில ரெண்டு காகிதம். ஒண்ணு நெட்டு நின்ன நேரம். இன்னொண்ணு, என்ற வருகைப் பதிவேடு. என்ற பதிவேட்டை எடுக்க இந்தப் புள்ளைக்கு யாரு அதிகாரம் குடுத்தா? அதுதான் எனக்கு மொதல்ல வந்த கோவம்.

'சார், நீங்க ஒண்ணாம் நம்பரைப் போட்டிருக்கீங்க'ன்னுச்சு.

'ஆமா'ன்னேன். நான் பொய் சொல்றவன் இல்லீங்க.

அது தலையில கை வெச்சுக்கிச்சு. அப்பறம் மெதுவா, எளக்காரமெல்லாம் இல்லே, பொறுமையாத்தான் சொல்லுச்சு. 'சார், இந்த ஆபீஸ்ல இருந்து எது வெளிய போகணும்னாலும் ஒண்ணாம் நம்பர் வழியாத்தான் போகும். எல்லாக் கம்ப்யூட்டரும் ஒண்ணு எங்க, ஒண்ணு எங்கன்னு கேட்டு அங்கதான் அனுப்பும். ரூட்டர் வாங்குனா வெளிய தள்ளி விடும். நீங்க ஒண்ணுன்னு சொன்னீங்கன்னா எல்லாம் உங்க மேசைக்கு வந்துரும். உங்க மேசையில இருந்து எங்கயும் போகாது. அங்கயே நின்னுரும்.'

நான் சும்மா இருப்பனா? 'ஏம்மா, அதைத்தானே நானும் சொல்றேன்! முப்பத்தொரு வருசமா இந்த ஆபீசுல அப்படித்தானே நடக்குது! எது வெளிய போறதா இருந்தாலும் என்ற மேசைக்குத்தானே வருது!'

சின்ன முதலாளி என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. அவரு அப்படிப் பாத்து நான் பாத்ததில்லே. என்னமோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி.

அந்தப் புள்ளைதான் எறங்கி வந்துச்சு. 'சார், உங்களுக்கு ஒண்ணுதான் வேணும்னா ஒண்ணும் பிரச்சினையில்லை. ரூட்டரைக் கடைசிக்குக் கொண்டு போய் இருநூத்தி அம்பத்திநாலுன்னு வெச்சுடறேன். ஒண்ணை நீங்களே வெச்சுக்குங்க. யாரும் கேக்க மாட்டாங்க.'

ஜெயிச்சுப்போட்டோம்னு நெனைச்சேன். இருந்தாலும் வெவரமா கேட்டுக்கோணுமில்ல? 'அப்ப வெளிய போறதெல்லாம் யாரு வழியாப் போகும்?'

'இருநூத்தி அம்பத்திநாலு வழியா.'

'அப்ப ஒண்ணுக்கு என்ன வேலை?'

'ஒரு வேலையும் இல்லைங்க சார். சும்மா இருக்கலாம்'னுச்சு.

கிண்டல் பண்ணலைங்க. நெசமாத்தான் சொல்லுச்சு. அதுதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. குழந்தைவேலு கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டு இருமினான். அவனுக்குச் சளி ஒண்ணுமில்லே.

ரெண்டு நாளு கழிச்சுச் சின்ன முதலாளி என்ற ரூமுக்கே வந்தாரு. எனக்கு எதுத்தாப்புல உக்காந்தாரு, நெம்ப மரியாதையா. 'அண்ணா, உங்களை இன்னொருத்தருக்குப் பின்னால வெக்க என்னால முடியாது. வேப்பந்தட்டைக் குடோனுக்கு ஒரு தலைமை வேணும். அங்க நீங்கதான் ஒண்ணு'ன்னாரு. ஒண்ணு அந்தப் புள்ள, இல்லே நானுன்னு கேட்டேன். பாருங்க, என்னையத்தான் தூக்கி வெச்சாரு. அந்தப் புள்ள அங்கயே கெடக்குது, பாவம், இப்ப மூணு மில்லு வேலையும் இழுத்துப் போட்டுக்கிட்டு அல்லாடுது.

வேப்பந்தட்டையில ஆளுங்களா? எனக்குக் கீழயா? இப்போதைக்கு வாட்ச்மேன் ஒருத்தரு இருக்காரு, அவரு பகல்ல வர மாட்டாராம். சோளம் தையிலதான் வருமாம். மேசை, சேரு, கம்ப்யூட்டரு எல்லாம் புதுசு. கம்ப்யூட்டருக்கு ஒண்ணுன்னே நம்பரு போட்டு வெச்சிருக்குதாம், தமயந்தியே போயி போட்டுட்டு வந்துச்சாம், சொல்லி அனுப்பிச்சுது. நெட்டு லைன் இன்னும் இழுக்கலையாம். அதனால என்னங்க, இழுத்தா இழுக்கறாங்க.

அட, அங்க பாருங்க! பாருங்க, பாருங்க, நம்மளைத் தாண்டிப் போகுதே, மஞ்சக் கோழி! எங்க லாரிதான். எருமப்பட்டி இப்பத்தானே தாண்டுனோம். மணி என்னங்க? பத்தே முக்கா கூட ஆகலையா? இந்நேரத்துக்கு எப்படி லோடோட இங்க வரும்? இது திருட்டு லோடுங்க. பில்லு இல்லாமத் தள்ளியிருக்கானுங்க. இருங்க, இருங்க, போன் போடறேன்.

குழந்தைவேலு? டேய், நான் பேசறேன். தொறையூர் ரோட்டுல ஒரு லாரி... என்ன? பில்லோட தானா? எத்தனை மணிக்கு? எல்லாமுமா? பதினொண்ணுமா? நெட்டு? ம். ம். சரி. யாரு பாத்தா? மூலையில எழுத்து? ...சரி, வெய்யி. ஆமா, ஆமா, நல்லாத்தான் போய்க்கிட்டிருக்கறேன். மொத சீட்டுத்தான்.

பத்து மணிக்குள்ளயே பதினொண்ணும் கேட்டைத் தாண்டிருச்சாமுங்க. நெட்டு வர்றதுக்கு முன்னால, காகிதத்துல பில்லு எழுதற காலத்துல கூட, மத்தியானத்துக்குள்ள எட்டு லாரிக்கு மேல போனதில்லீங்க. குழந்தைவேலு பில்லுக்கட்டைத் தூக்கிக்கிட்டு வருவான், நான் படிச்சுப் பாத்துத்தானே போடோணும்? ஒவ்வொண்ணாத்தானே போடோணும்?

என்ற எழுத்து இல்லாமயே போகுது. அது பாட்டுக்கு ரோட்டுல ஓடுது பாருங்க, ஒண்ணும் ஆகலை. அப்ப... முன்னாலயும் இப்படியே போயிருக்குமுங்களா?

வுடுங்க. நீங்க எங்க எறங்கறீங்க? தொறையூருங்களா? அதுக்கு இன்னும் நேரமிருக்குது. உங்க டிக்கெட்டைச் சித்தக் குடுங்க. அட, குடுங்க, கிழிச்சுப்போட மாட்டேன். பேனா என்கிட்டயே இருக்குது. மூலையில சின்னதா ஒரு எழுத்துத்தான்.